ஒன்பதாம் அத்தியாயத்துக்கு ஓர் ஆள்

நவம்பர் 18, திங்கள்

காலை 6.00. மழை. தரைப்பாலத்துக்கு மேல் இரண்டடி தண்ணீர். பம்ப் 1, 2, 3 ஓட்டத்தில். எல்லாம் நார்மல்.

எனக்கு இப்படித்தான் எழுத வருகிறது. குடிநீர் நிலையத்தில் ஒன்பது வருடமாக ஷிப்ட் லாக் எழுதிய கை. இந்த நோட்டை எழுதச் சொன்னது வத்சலா அக்கா. தஞ்சாவூரில் சின்னதாகப் பதிப்பகம் நடத்துகிறார். "புத்தகம் எழுத வரலன்னா, ஏன் வரலன்னு தெனமும் எழுது தம்பி. அதுவாச்சும் வருதான்னு பாப்போம்" என்றார்.

புத்தகத்தின் பெயர் 'பம்ப் ஆபரேட்டர் கைப்புத்தகம்'. குடிநீர் நிலையங்களில் வேலைக்குச் சேரும் ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கானது. மொத்தம் பத்து அத்தியாயம். எட்டு முடிந்துவிட்டது. பத்தாவது வெறும் அட்டவணை, அதுவும் தயார். ஒன்பதாவதுதான் இல்லை.

விஷயம் என்னுடையது, தமிழ் என் மனைவி செவ்வந்தியுடையது. அவள் பள்ளியில் தமிழாசிரியை. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். எழுபத்து நான்கு நாளாக அந்த ஏற்பாடு இல்லை.

டிசம்பர் 1-க்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், ஓய்வு பெற்ற ஒரு பொறியாளர் முதலிலிருந்து தன் பாணியில் எழுதித் தரத் தயாராக இருக்கிறாராம். ஜனவரிப் புத்தகக் காட்சிக்குப் புத்தகம் வந்தாக வேண்டும். அவர் எழுதினால் அட்டையில் அவர் பெயர் இருக்கும். செவ்வந்தியின் பெயர் நன்றிப் பக்கத்துக்குப் போய்விடும். ஆறாவது வரியிலோ ஏழாவது வரியிலோ.

நவம்பர் 19, செவ்வாய்

தரைப்பாலம் தெரியவே இல்லை. ஷிப்ட் மாற்ற வந்த ரிலீவர் அந்தப் பக்கக் கரையிலிருந்து கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். கொள்ளிடம் வடியும்வரை இங்கே நானும் ஆபரேட்டர் சவரிமுத்துவும் மட்டும்தான். பகல் எனக்கு, இரவு அவருக்கு. அவருக்கு முப்பத்து நான்கு வயது, என்னைவிட மூன்று வயது மூத்தவர். இருந்தாலும் சார் என்றுதான் கூப்பிடுவார்.

அரிசி இருக்கிறது. பருப்பு இருக்கிறது. கருவாடு நிறைய இருக்கிறது.

"சார், பத்து நாள் இங்கேர்ந்து எங்கயும் போவ முடியாது. புத்தகம் எழுதுறதுக்குன்னே ஆத்துல தண்ணி தொறந்து விட்டிருக்காங்க. இதுக்கு மேலயும் எழுதலன்னா ஒங்கள என்ன பண்றது?"

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. முகத்தை அப்படி வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 20, புதன்

வேலைத் திட்டம் போட்டேன். இருபது பக்கம், பத்து நாள், நாளுக்கு இரண்டு பக்கம். கிராப் தாளில் பட்டை வரைந்து வண்ணம் தீட்டினேன். படம் 3.4-ல் அம்புக்குறி ஒன்று சாய்ந்திருந்தது, திருத்தினேன். எல்லாப் படங்களுக்கும் எண் மாற்றினேன்.

இன்று நான்கு பக்கம் எழுதினேன். திட்டத்தைவிட இரண்டு கூடுதல்.

நவம்பர் 21, வியாழன்

நேற்றைய கடைசி இரண்டு வரி பொய்.

அதைக் காலை ஏழு மணிக்கே எழுதிவிட்டேன். எப்படியும் எழுதிவிடுவோம் என்றுதான் எழுதினேன். பம்ப் ஹவுஸில் இது வழக்கம். மூன்று மணி, நான்கு மணி, ஐந்து மணி ரீடிங்கை எல்லாம் இரண்டு மணிக்கே லாக் ஷீட்டில் நிரப்பிவிட்டுப் படுத்துவிடுவார்கள். பம்ப் தண்டைத் தாங்கும் பேரிங் போன மணி நேரம் நாற்பத்தெட்டு டிகிரி என்றால் அடுத்த மணி நேரமும் நாற்பத்தெட்டுதானே இருக்கப் போகிறது? நானும் தெரிந்தே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் சொந்த நோட்டில், வேறு யாருமே படிக்காத நோட்டில் அதைச் செய்வேன் என்று நினைக்கவில்லை.

எழுதிய பக்கம்: 0.

நவம்பர் 22, வெள்ளி

மழை 61 மி.மீ. துணி காயவில்லை. மோட்டார் மேல் போட்டால் காயும் என்று சவரிமுத்து சொன்னார். போட்டேன். இப்போது சட்டை முழுக்க கிரீஸ் வாசம்.

பிற்பகலில் அவர் எழுந்து வந்து, மேசையில் இருந்த அச்சுப் பிரதியை எடுத்து ஆறாம் அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்தார். கிளாண்டு பற்றியது. பம்பின் தண்டு வெளியே வரும் இடத்தில் கயிறு மாதிரி பேக்கிங் சுற்றியிருக்கும். அதிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஒழுக வேண்டும். ஒழுகுகிறதே என்று முழுக்க முறுக்கினால் தண்டு கருகிவிடும். அத்தியாயம் இப்படித் தொடங்குகிறது: 'நாகூரான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். தரையில் ஈரத்தைப் பார்த்தார். ஸ்பேனரை எடுத்தார். அதோடு முடிந்தது அந்தத் தண்டின் ஆயுள்.'

சவரிமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நாகூரான் அண்ணன அப்படியே பாத்த மாதிரி இருக்கு சார். டீச்சர் நேர்ல பாத்ததுகூட இல்லல்ல?"

பார்த்ததில்லை. நான் சொன்னதுதான். செவ்வந்தி ஒரு விதி வைத்திருந்தாள்: ஒவ்வொரு அத்தியாயமும் உண்மையான ஓர் ஆளோடு, அவர் உண்மையாகவே செய்த ஒரு தப்போடு தொடங்க வேண்டும். "மெஷின் தப்பு பண்ணாது. ஆள்தான் பண்ணுவான். ஆளக் கூட்டிட்டு வா, அப்புறம் மெஷினப் பத்திப் பேசலாம்" என்பாள். நான் ஆள் இல்லாமல் போய் நின்றால் பேனாவை மூடிவிடுவாள். ஒரு நாள் சோறு போடாமல்கூட இருந்தாள்.

ஒன்பதாவதுக்கு அவள் பென்சிலில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறாள். ஆறு துணைத்தலைப்பு. மேலே ஒரு வரி: 'ஆள்: ?'

நவம்பர் 23, சனி

ஒன்றும் இல்லை.

நவம்பர் 24, ஞாயிறு

ஓர் ஆளைக் கற்பனையில் உருவாக்கினேன். பெயர் குமாரசாமி, ஊர் அரியலூர். அலாரத்தைக் கவனிக்காமல் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார், மோட்டார் எரிந்துவிடுகிறது. ஒன்றரைப் பக்கம் வந்தது. திட்டத் தாளில் பட்டையைப் பச்சையாக்கினேன்.

சவரிமுத்துவிடம் கொடுத்தேன். கருவாட்டைச் சுட்டுக்கொண்டே படித்தார்.

"யாரு சார் இவரு?"

"ஒருத்தர்."

"இப்படி ஒருத்தர் கெடையாது சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"அலாரம் அடிச்சா ஹாரன் காதப் பொளக்கும். அதுல ஒக்காந்து எவன் பேப்பர் படிப்பான்? எழுந்து போயி மொதல்ல பட்டன அழுத்துவான். சத்தம் நின்னாத்தான பேப்பரே படிக்க முடியும்." கருவாட்டைத் திருப்பிப் போட்டார். "நாகூரான் எழுந்து நடக்குறாரு சார். இவரு மூட்டு வலி வந்தவரு மாதிரி ஒக்காந்தே இருக்காரு. கோவப்படாதீங்க."

கோபம் வரவில்லை. எதுவும் வரவில்லை. பக்கத்தைக் கிழித்தேன். பச்சைப் பட்டையை அழிக்க முடியவில்லை, ஸ்கெட்ச் பேனா.

நவம்பர் 25, திங்கள்

பஞ்சாயத்துப் படகில் முட்டை, தக்காளி, கொசுவத்தி வந்தது. படகுக்காரர் "வர்றீங்களா சார், ஒரு எட்டு அந்தப் பக்கம் போயிட்டு வரலாம்" என்றார். பம்ப் ஓடுகிறது, வர முடியாது என்றேன். சவரிமுத்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அப்போதும் போகவில்லை. அந்தப் பக்கம் போனால் வீட்டுக்குப் போக வேண்டும்.

மாடியில் ஒரு மூலையில்தான் சிக்னல் கிடைக்கிறது. அம்மாவிடம் பேசினேன். சாப்பிட்டேன் என்றேன். பிறகு வத்சலா அக்காவைக் கூப்பிட்டேன்.

"எத்தன பக்கம்?"

"அந்த எஞ்சினீயரையே எழுதச் சொல்லிடுங்கக்கா."

பின்னால் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லிடலாம். அவரு பத்து நாள்ல குடுத்துடுவாரு. எடுத்த ஒடனே பம்புன்னா என்னன்னு மூணு பக்கம் இருக்கும். அதப் படிச்சிட்டு பசங்க மூடி வச்சிடுவாங்க. அது என் கவல, ஒன் கவலயில்ல. ஒன்னு மட்டும் கேக்குறேன். நேரம் இல்லையா?"

"நேரம்தான்க்கா இருக்கு. நாள் பூரா இருக்கு."

"அப்ப நேரத்துல கோளாறு இல்ல. விஷயம் தெரியலையா?"

"தெரியும்."

"அதுலயும் கோளாறு இல்ல. தமிழ் வரலையா? அதுக்கு நான் இருக்கேன். நீ எப்படி எழுதுனாலும் நான் ஒக்காந்து சரி பண்ணிடுவேன். இருவது வருஷமா இதுதான் பொழப்பு. முடியாம நிக்கிற புத்தகம் எத்தனையோ பாத்துட்டேன் தம்பி. கடைசிப் பக்கத்துல எவனும் நிக்கிறதில்ல. அதுக்கு முன்னால ஏதோ ஒரு வரி எழுதப் பிடிக்காம இருக்கும். அத விட்டுட்டு சுத்திச் சுத்தி வருவான். படம் திருத்துவான், நம்பர் மாத்துவான்."

படம் திருத்தியதை நான் அவரிடம் சொல்லவில்லை.

"சரி, எழுத வேணாம். ஒம்பதாவதுல என்ன இருக்குன்னு வாயால சொல்லு. செவ்வந்திகிட்ட சொல்வியே, அப்படி."

சொன்னேன். அலாரம் பேனல் எப்படி இருக்கும். பெட்டி பெட்டியாக விளக்குகள். கோளாறு வந்தால் ஒரு பெட்டி சிவப்பாக மினுக்கும், ஹாரன் கத்தும். 'அக்செப்ட்' என்று ஒரு பட்டன். அழுத்தினால் ஹாரன் நிற்கும், விளக்கு மினுக்குவதை விட்டு நிலையாக எரியும். பார்த்துவிட்டேன் என்று மெஷினுக்குச் சொல்வது அவ்வளவுதான். கோளாறு அப்படியேதான் இருக்கும். எது அவசரம், எது அவசரமில்லை. எந்த அலாரத்துக்கு உடனே நிறுத்த வேண்டும், யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், லாக்கில் எப்படிப் பதிய வேண்டும். இருபது நிமிடம் பேசியிருப்பேன். எனக்கே ஆச்சரியம்.

"அஞ்சு தலைப்பு சொன்ன" என்றார் அக்கா. "செவ்வந்தி எனக்கு அனுப்பின பொருளடக்கம் முன்னால இருக்கு. இதுல ஆறு."

"அஞ்சும் ஆறும் ஏறத்தாழ ஒன்னுதான்க்கா."

"அப்படியா? ஆறாவது படிக்கிறேன் கேளு. 'அலாரமே அடிக்காத கோளாறுகள்: ஆள் சொல்வதைக் கேட்பது.'"

சிக்னல் போய்விட்டது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சிக்னல் இருந்தது.

நவம்பர் 26, செவ்வாய்

பம்ப் 1, 2, 3 ஓட்டத்தில். எல்லாம் நார்மல்.

நவம்பர் 27, புதன்

அக்காவிடமிருந்து மெசேஜ். கீழே இருந்ததால் நேற்று அனுப்பியது இன்றுதான் வந்தது. 'ஆறாவது தலைப்பை முதலில் எழுது. வரிசை என்று ஒன்றும் கிடையாது. பிடிக்காததை முதலில் எழுதினால் மற்ற ஐந்தும் தானாக வரும். அந்தப் பகுதி புத்தகத்தில் இருக்க வேண்டுமா என்று இப்போது யோசிக்காதே. அதை எடுத்துவிட எனக்கு ஒரு நிமிடம் போதும். ஒரு நாளைக்குப் பத்து வரி. பதினோராவது வரி வந்தாலும் எழுதாமல் எழுந்துவிடு, அது நாளைக்கு.'

மதியம் முட்டைக் குழம்பு. நான் வைத்தேன். உப்பு இல்லை என்று சவரிமுத்து சொன்னார். போட்டுக்கொண்டார்.

"டீச்சருக்கு என்ன ஆச்சுன்னு நான் கேட்டதே இல்ல சார்."

"மூளையில ரத்தக் கட்டு."

"திடீர்னா?"

"ஆமா, திடீர்னு."

தட்டைக் கழுவிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். திடீரென்று இல்லை.

நவம்பர் 28, வியாழன்

பத்து வரி எழுதினேன். உண்மையாகவே. எழுதிய பிறகுதான் இந்த நோட்டில் பதிகிறேன், மணி 11.40.

என்ன எழுதினேன் என்று இங்கே எழுதப் போவதில்லை.

நவம்பர் 29, வெள்ளி

பதினோராவது வரியில் தொடங்கினேன். எழுந்திருக்கவில்லை. பசித்தபோது பார்த்தால் மணி மூன்று. பதினான்கு பக்கம். மற்ற ஐந்து தலைப்பும் வந்துவிட்டது. அக்கா சொன்ன மாதிரி தானாக வரவில்லை, இழுத்துத்தான் வந்தது. ஆனால் வந்தது.

செவ்வந்தி இருந்திருந்தால் ஏழு இடத்திலாவது நிறுத்தியிருப்பாள். நான்காம் பக்கத்தில் ஒரு வாக்கியம் எட்டு வரி போகிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன். அவள் திருத்துவதற்கு விட்டுவைத்த மாதிரி இருக்கிறது. இல்லை, அப்படி இல்லை. உடைத்து மூன்றாக்கினேன்.

ஆறாவது தலைப்புக்கு எழுதியதே அத்தியாயத்தின் தொடக்கமாகிவிட்டது. அதை மட்டும் இங்கே நகல் எடுத்து வைக்கிறேன். புத்தகத்தில் இருந்து எடுத்துவிட்டாலும் இந்த நோட்டிலாவது இருக்கட்டும்.

'இந்த அத்தியாயத்துக்கு ஆள் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி தலை வலிக்கிறது என்றாள். மாத்திரை போடு என்றேன். திங்கட்கிழமை மறுபடி சொன்னாள். போட்டாயா என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில், இடது கண் ஓரமாக வெளிச்சம் ஆடுகிறது என்றாள். அன்று நிலையத்தில் பெரிய வால்வு மாற்றும் வேலை. சரி சரி, சாயங்காலம் டாக்டரிடம் போகலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று முறையும் நான் அக்செப்ட் பட்டனை அழுத்தினேன். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதால் வலி குறைந்துவிட்டது என்று நினைத்தேன்.

நான் திரும்பி வந்தபோது அவளால் பேச முடியவில்லை. மருத்துவமனையில், எத்தனை நாளாக வலி என்று கேட்டார்கள். இன்று காலையிலிருந்து என்றேன். மூன்று நாள் என்று சொன்னால், மூன்று நாள் என்ன செய்தாய் என்று கேட்பார்களே என்று அப்படிச் சொன்னேன். சரியாகச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா என்பது எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாமல் போனது என்னால்தான்.

ஹாரன் நின்றுவிட்டது என்றால் நீங்கள் பட்டனை அழுத்திவிட்டீர்கள் என்று மட்டும்தான் அர்த்தம். அழுத்திய பிறகு எழுந்து போய்ப் பாருங்கள். யாராவது ஏதாவது சொன்னால், எத்தனை நாளாக என்று கேளுங்கள். அதை உள்ளபடியே எழுதுங்கள்.'

நவம்பர் 30, சனி

தண்ணீர் இறங்குகிறது. தரைப்பாலத்தின் கைப்பிடிக் கற்கள் வரிசையாகத் தெரிகின்றன.

நேற்று ஷிப்டுக்கு வந்தபோது சவரிமுத்து கேட்காமலே அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தார். இன்று காலை ஆறு மணிக்கு நான் பம்ப் ஹவுஸுக்கு வந்தபோது அது மடியில் இருந்தது. முகத்தைக் கழுவவில்லை. நான் வழக்கம்போல லாக் ஷீட்டில் கையெழுத்துப் போடப் போனேன்.

"போடாதீங்க சார்."

"என்ன?"

"மூணாம் நம்பர் பேரிங். சென்சார் வேல செய்யல, கையாலதான் தெர்மாமீட்டர் வச்சுப் பாக்குறோம்ல. நாப்பத்தெட்டு நாப்பத்தெட்டுன்னு எழுதிட்டிருக்கேன். அது நாப்பத்தெட்டு இல்ல."

"எவ்வளவு?"

"இப்ப பாத்தேன். எழுவத்தொன்னு."

"எத்தனை நாளா?"

கேட்டபிறகுதான் என் வாயில் எந்தக் கேள்வி வந்தது என்று தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. தரையைப் பார்த்தார்.

"செவ்வாக்கெழமையிலேர்ந்து. மொதல்ல அம்பத்தெட்டு. கொறையும்னு நெனச்சேன். ஒங்ககிட்ட சொன்னா மூணாம் நம்பர நிறுத்தணும்பீங்க. ஊருக்குத் தண்ணி பாதியாயிடும், இருக்கிறது ரெண்டு பேரு, நீங்களும் இருக்கிற நெலமையில..." மடியிலிருந்த தாள்களை அடுக்கினார். "இன்னைக்குத்தான் ஆரம்பிச்சுதுன்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு சார். இதப் படிச்சிட்டு எப்படிச் சொல்றது?"

திட்டத் தோன்றவில்லை. பகலில் நானும் தெர்மாமீட்டர் வைக்காமல் அதே நாற்பத்தெட்டைத்தான் எழுதியிருந்தேன். போய்த் தொட்டுப் பார்த்தேன். கை வைக்க முடியவில்லை. நிறுத்தினோம்.

மூடியைத் திறந்தால் கிரீஸ் கருகித் தார் மாதிரி இருந்தது. ஸ்டோரில் ஒரே ஒரு புது பேரிங். எண்ணெயில் சூடு காட்டித் தண்டில் ஏற்றுவதற்குள் எனக்கு இரண்டு விரல் கொப்பளித்துவிட்டது. ஊரிலிருந்து தண்ணீர் வரவில்லை என்று பன்னிரண்டு போன். சவரிமுத்து மாடி மூலையில் நின்று எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். "பேரிங் போச்சுங்க. எங்க தப்புதாங்க. சாயங்காலம் வந்துடும்." பன்னிரண்டாவது ஆள் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லியிருப்பார் போல. "ஒங்க வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்தார்.

மாலை 4.20. பம்ப் 3 ஓட்டத்தில். பேரிங் 44. நானே பார்த்தேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

காலை அத்தியாயத்தைப் போனில் படமெடுத்து அனுப்பினேன். மாடி மூலையில் கையை உயர்த்திக்கொண்டு நின்றேன். அனுப்பி முடிக்க இருபது நிமிடம் ஆனது.

ரிலீவர் நடந்தே வந்துவிட்டார். முழங்கால் வரை சேறு. சவரிமுத்து வீட்டுக்குப் போனார். போகும்போது, "புத்தகம் வந்தா எனக்கு ஒன்னு வேணும் சார். கையெழுத்துப் போட்டு" என்றார்.

"ஒம்பதாவதப் படிச்சிட்டீங்களே."

"பத்தாவது படிக்கலல்ல?"

"அது அட்டவணை."

"பரவால்ல, குடுங்க. ஒங்கள மாதிரி ஆள் எழுதுன அட்டவணையில என்னென்ன இருக்கோ."

இந்த முறை சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம்தான்.

நான் இன்றும் நிலையத்துக் குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறேன். பாலத்தின் மேல் தண்ணீர் இல்லை. நாளை வீட்டுக்குப் போகலாம். போக முடியாது என்று சொல்ல இனி ஆறு இல்லை.

டிசம்பர் 2, திங்கள்

வத்சலா அக்கா கூப்பிட்டார்.

"ஒரே ராத்திரில படிச்சிட்டேன். அந்தத் தொடக்கம் இருக்கட்டுமா, எடுத்துடவா? நான் சொன்னது சொன்னதுதான், எடுக்க ஒரு நிமிஷம் போதும். படிக்கிறவங்க ஒன்னப் பத்திப் பேசுவாங்க. செவ்வந்தி வீட்டுலயும் படிப்பாங்க."

அவளுடைய அம்மாவையும் அப்பாவையும் சொல்கிறார். அவர்களிடமும் நான் 'திடீர்னு' என்றுதான் சொல்லியிருக்கிறேன். எல்லாரிடமும்.

"இருக்கட்டும்க்கா. புத்தகம் வர்றதுக்கு முன்னாடி நானே போய்ச் சொல்லிடுறேன்."

"கூட வரட்டுமா?"

"வேணாம்க்கா."

"சரி. அட்டை. இன்னைக்கே வடிவமைப்புக்குப் போவணும். பேரு எப்படிப் போடறது? நீ, அப்புறம் அவளா?"

"அவ முதல்ல."

"மறைந்தன்னோ அமரர்னோ பேருக்கு முன்னாடி எதுவும் போடணுமா? சிலர் கேப்பாங்க."

"அட்டையில பேரு மட்டும் போதும்."

"அப்ப உள்ள ஆசிரியர் குறிப்புல வரட்டும். ஆளுக்கு நாலு வரி. ரெண்டையும் நீயே எழுதி இன்னைக்குள்ள அனுப்பிடு. அது வந்தாத்தான் புத்தகம் முடிஞ்சதா கணக்கு."

என்னுடையது மூன்று நிமிடத்தில் முடிந்தது. டிப்ளமா, வேலை, ஊர்.

அவளுடையதுக்குக் காலை பத்து மணியிலிருந்து இப்போது வரை ஆகிவிட்டது. மணி இரண்டரை. முதலில், 'தமிழாசிரியையாகப் பணியாற்றி வருகிறார்' என்று வந்தது. அடித்தேன். 'பணியாற்றியவர்' என்றேன். அதுவும் வேலையை விட்டுவிட்டவர் மாதிரி இருந்தது. 'நம்மிடையே இல்லை' என்று எழுதினேன். வெளியூர் போனவர் மாதிரி இருந்தது. இந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தேன். பதினைந்து நாளில் அந்தச் சொல்லை நான் ஒருமுறைகூட எழுதவில்லை.

அனுப்பியது இது:

'செவ்வந்தி. பிறந்த ஊர் வலங்கைமான். அரசுப் பள்ளித் தமிழாசிரியை. இந்தப் புத்தகத்தின் முதல் எட்டு அத்தியாயங்களை எழுதியவர். ஒன்பதாவது அத்தியாயம் அவர் போட்ட திட்டத்தின்படி எழுதப்பட்டது. 2024 செப்டம்பர் 5-ஆம் தேதி, இருபத்தொன்பதாவது வயதில் இறந்தார்.'

நான்கு வரி என்றார், ஆறு வாக்கியம் வந்துவிட்டது. எதையும் வெட்டவில்லை. வெட்ட வேண்டுமானால் அக்கா வெட்டட்டும்.

மூக்குக்கண்ணாடி நனைந்துவிட்டது, கழற்றி வைத்துவிட்டு எழுதுகிறேன். இந்தக் கடைசி வரிகள் கோணலாக இருப்பது அதனால்தான்.